ரத்தத்தில் கால்சியம் சரி, இதயத் தசையில் மட்டும் கால்சியம் கோளாறா?

கயல் கேட்டது:

அம்மாவுக்கு 67 வயது. முன்பு ஒரு பெரிய மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். உயிர் தப்பினார், ஆனால் இதயம் பழைய பலத்துக்குத் திரும்பவில்லை. கடைசி எக்கோவில் ஈஎஃப் (இதயத்தில் நிரம்பிய ரத்தத்தில் ஒரு துடிப்பில் வெளியேறும் பங்கு) 32 சதவீதம். "சுருங்கும் திறன் குறைவு, தளர்வதும் சரியில்லை" என்று ரிப்போர்ட். சுருங்குவது புரிகிறது. தளர்வதில் என்ன கோளாறு வர முடியும்? பிடியை விட்டால் தசை தானாகத் தளர்ந்துவிடாதா?

இதை டாக்டரிடம் கேட்டேன். "செல்லுக்குள்ளே கால்சியம் வந்து போறது கெட்டுப்போச்சும்மா, அதான்" என்றார். அடுத்த நோயாளி கதவைத் திறந்துவிட்டதால் மேற்கொண்டு கேட்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்தால் கால்சியம் 9.3. பக்கத்திலேயே 8.5 முதல் 10.5 வரை இருக்கலாம் என்று அச்சிட்டிருக்கிறார்கள். பிறகு எங்கே கெட்டுப்போயிற்று?

எலும்புத் தேய்மானத்துக்காக அம்மா தினமும் ஒரு கால்சியம் மாத்திரை சாப்பிடுகிறார். அண்ணி அதை நிறுத்தச் சொல்கிறார், இதயத்தில் கால்சியம் படிந்துவிடுமாம். சித்தப்பா இன்னொன்று சேர்த்துக் கொடுக்கச் சொல்கிறார், பலம் வருமாம். இது போதாதென்று "கால்சியத்தை அடைக்கிற மாத்திரை" என்று ஒரு வகை இருக்கிறதாம், அம்மாவின் தோழி ரத்த அழுத்தத்துக்கு அதைத்தான் சாப்பிடுகிறார். ஒருவருக்கு அடைக்கிறார்கள், ஒருவருக்குக் கொடுக்கிறார்கள். தலை சுற்றுகிறது.

மாத்திரையை மாற்றுவது பற்றி நான் கேட்கவில்லை, அதை டாக்டர் பார்த்துக்கொள்வார். உள்ளே என்ன நடக்கிறது என்று யாராவது பொறுமையாகச் சொன்னால் போதும். உயிரியல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன்.

நலம்விரும்பி:

கால்சியம் மாத்திரைதான் எல்லாவற்றுக்கும் காரணம் சகோதரி. அது போய் ரத்தக் குழாயில் சுண்ணாம்பாக ஒட்டிக்கொள்ளும். முதலில் அதை நிறுத்துங்கள். பாலையும் குறையுங்கள். இரண்டு மாதத்தில் எக்கோ மாறிவிடும்.

நுண்ணோக்கி:

கயல், நேற்று உங்கள் கேள்வியைப் படித்ததிலிருந்து கை அரித்துக்கொண்டே இருந்தது. நான் மருத்துவன் இல்லை. இதயத் தசைச் செல்களைத் தனித்தனியாகப் பிரித்தெடுத்து, அவற்றுக்குள் கால்சியம் ஏறி இறங்குவதை அளக்கும் ஆய்வகத்தில் பல வருடம் வேலை பார்த்தவன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன்.

முதலில் நலம்விரும்பி சொன்னதைத் தனியே எடுத்து வைத்துவிடலாம். ரத்தக் குழாய்ச் சுவரில் படியும் கால்சியம் வேறு கதை. அது பல வருடம் கொழுப்பும் அழற்சியும் சேர்ந்து தங்கிய இடத்தில் கெட்டியாகிப்போன உப்பு, ஸ்கேனில் வெள்ளையாகத் தெரியும். உங்கள் டாக்டர் சொன்னது தசைச் செல்லுக்குள் கரைந்த நிலையில், நொடிக்கு ஒரு முறைக்கும் மேல் ஏறி இறங்கும் கால்சியத்தை. பெயர் ஒன்று என்பதைத் தவிர இரண்டுக்கும் பெரிய உறவில்லை. பாலை நிறுத்தினால் எக்கோ மாறும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

இப்போது 9.3. அது ரத்தத்தில் இருக்கும் மொத்த கால்சியம், ஒரு டெசிலிட்டரில் இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு. அதில் ஏறக்குறையப் பாதி புரதங்களோடும் மற்றவற்றோடும் ஒட்டிக் கிடக்கும். மீதி, வேறொரு அலகில் சொன்னால் சுமார் 1.2 மில்லிமோலார், தனி அயனியாகத் திரியும். இதயத் தசைச் செல்லைச் சுற்றியுள்ள திரவத்திலும் ஏறக்குறைய அதே அளவுதான். ஆனால் செல்லுக்கு உள்ளே, அது ஓய்வில் இருக்கும்போது, தனி கால்சியம் அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். வெளியே அவ்வளவு, உள்ளே இவ்வளவு. இந்த ஏற்றத்தாழ்வைக் காப்பாற்றத்தான் செல் தன் சக்தியில் ஒரு நல்ல பங்கைச் செலவழிக்கிறது. ரத்தப் பரிசோதனை வெளிப்பக்கத்தைத்தான் பார்க்கிறது. உள்ளே இருப்பது அந்தச் சீட்டில் வராது.

ஒவ்வொரு துடிப்பிலும் நடப்பது இது. மின் அலை வந்து செல்லின் சவ்வைத் தொடும்போது அதிலிருக்கும் கால்சியம் சேனல்கள் திறக்கின்றன. வெளியிலிருந்து கொஞ்சம் கால்சியம் உள்ளே வரும். தசையைச் சுருக்க அது போதாது. ஆனால் அந்தச் சேனல்களுக்கு நேர் எதிரே, ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு தூரத்தில், செல்லுக்குள்ளேயே ஒரு கால்சியம் கிடங்கு இருக்கிறது. அதன் கதவுகளுக்கு ரையனோடின் ஏற்பி என்று பெயர். வந்த கொஞ்சம் கால்சியம் அந்தக் கதவைத் தொட்டவுடன் அது திறந்து, உள்ளே அடைத்து வைத்திருந்ததைக் கொட்டுகிறது. கால்சியமே கால்சியத்தை வெளியே இழுக்கிறது. செல்லுக்குள் அளவு பத்து மடங்கு வரை ஏறும். அது ட்ரோபோனின் என்ற புரதத்தில் போய் ஒட்டும், உடனே ஆக்டின், மயோசின் என்ற தசை இழைகள் ஒன்றையொன்று பற்றி இழுக்கும். அதுதான் சுருக்கம். மாரடைப்புக்கு எடுக்கும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை இந்தக் குடும்பத்துப் புரதங்களைத்தான் தேடுகிறது. செல் செத்து உடைந்தால் அவை ரத்தத்துக்கு வந்துவிடும்.

இனி உங்கள் முதல் கேள்வி, தளர்வது. சும்மா விட்டால் தளராது! கொட்டிய கால்சியம் அங்கேயே இருந்தால் இழுத்த பிடி இழுத்தபடியே நிற்கும். தளர வேண்டுமென்றால் அத்தனையையும் அடுத்த துடிப்புக்குள் அள்ளி அகற்ற வேண்டும். அதற்கு இரண்டு பெரிய வழிகள். கிடங்கின் சுவரில் இருக்கும் செர்கா என்ற பம்பு கால்சியத்தைத் திரும்பக் கிடங்குக்குள் ஏற்றும், ஒரு ஏடிபி (செல்லின் சக்தி மூலக்கூறு) செலவில் இரண்டு அயனி. இன்னொன்று, வெளிச் சவ்வில் இருக்கும் சோடியம்-கால்சியம் மாற்றி. அது மூன்று சோடியத்தை உள்ளே விட்டு ஒரு கால்சியத்தை வெளியே தள்ளும். மனித இதயத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் செர்காவின் வேலை, 28 சதவீதம் மாற்றியின் வேலை. எலியில் செர்காவே 90 சதவீதத்துக்கு மேல் செய்துவிடும். எலி இதயம் நிமிடத்துக்கு முந்நூறு, நானூறு முறை துடிப்பது, வேறு எப்படி முடியும்?

ஆகவே தளர்வது ஓய்வு இல்லை, அதுவும் உழைப்புதான். சக்தி போதாத இதயத்தில் தளர்வு கெடுவது இதனால்தான். பல நோயாளிகளுக்குச் சுருக்கம் கெடுவதற்கு முன்பே தளர்வு கெட்டுவிடும்.

கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஆய்வகத்தில் எலி இதயத்தை எடுத்து, பெருந்தமனியில் ஒரு குழாயைச் செருகித் தொங்கவிட்டு, இளஞ்சூட்டில் உப்புக் கரைசலைப் பாய்ச்சுவோம். கரைசலில் கால்சியம் இருக்கும்வரை, உடலை விட்டுப் பிரிந்த இதயம் தன்பாட்டுக்குத் துடிக்கும். கால்சியம் இல்லாத கரைசலுக்கு மாற்றினால் சில நொடிகளில் நின்றுவிடும். மின்னோட்டம் அப்போதும் இருக்கும், சுருக்கம்தான் இருக்காது. பிறகு செல்களைக் கட்டி வைத்திருக்கும் நாரைக் கரைக்கும் நொதியைச் சேர்த்தால் இதயம் தொட்டால் குழையும் பதத்துக்கு வரும். அதைக் கிள்ளி, அலசி, ஒரு சொட்டு கண்ணாடித் தகட்டில் விட்டுப் பார்த்தால் நீளநீளமான செங்கல் மாதிரி செல்கள், ஒவ்வொன்றிலும் நெருக்கமான குறுக்குக் கோடுகள்.

அடுத்த கட்டம்தான் ஆபத்து. கால்சியத்தைத் திரும்பச் சேர்க்க வேண்டும். ஒரேயடியாகச் சேர்த்தால் பாதிக்கு மேல் செத்துவிடும். நல்ல செல் நீளமாகவே இருக்கும், சவ்வு பழுதான செல்லுக்குள் கால்சியம் பாய்ந்து, அது இறுகி இறுகி, கோடெல்லாம் மறைந்து உருண்டையாகிப் போகும். துளித்துளியாக, இடைவெளி விட்டுத்தான் ஏற்றுவோம். காலையில் தகட்டில் எத்தனை செங்கல், எத்தனை உருண்டை என்று பார்த்தாலே அன்றைய நாள் எப்படிப் போகும் என்று தெரிந்துவிடும். எண்ணி முடிப்பதற்குள் யாராவது காபிக்குக் கூப்பிட்டு எண்ணிக்கை தவறிவிடும், அது தனிக் கதை.

உங்கள் அம்மாவின் இதயத்தில் அன்று நடந்ததில் ஒரு பகுதி இதற்கு நெருங்கிய சொந்தம். ரத்தம் நின்ற இடத்தில் பம்புகளுக்குச் சக்தி இல்லை, சோடியம் உள்ளே தேங்கும், அதன் பின்னால் கால்சியமும் தேங்கும். அடைப்பைத் திறந்து ரத்தம் திரும்பும் முதல் சில நிமிடங்களில் கால்சியம் இன்னும் ஏறி, செல்லுக்குச் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களின் சவ்வு கிழிந்து, தப்பித்திருக்க வேண்டிய சில செல்களும் சாகும். அதற்காக அடைப்பைத் திறக்காமல் இருக்க முடியாது. திறக்காவிட்டால் எல்லாமே போய்விடும்.

எஞ்சியிருக்கும் செல்கள்தான் இப்போது முழுப் பாரத்தையும் சுமக்கின்றன. இங்கே ஒரு விஷயம் கவனியுங்கள். கை தூக்கும்போது தசையில் சில நார்கள் வேலை செய்யும், சில சும்மா இருக்கும், பாரம் கூடினால் சும்மா இருப்பவற்றையும் உடம்பு கூப்பிடும். இதயத்தில் அந்தச் சலுகை கிடையாது. ஒவ்வொரு துடிப்பிலும் ஒவ்வொரு செல்லும் வேலை செய்தாக வேண்டும். அதிக பலம் வேண்டுமென்றால் இருக்கிற செல்லே இன்னும் பலமாக இழுக்க வேண்டும். அதற்கு ஒரு வழி தசையைக் கொஞ்சம் நீட்டிவிடுவது, இன்னொன்று ஒவ்வொரு துடிப்பிலும் கொட்டும் கால்சியத்தைக் கூட்டுவது. அட்ரினலின் இரண்டாவதைத்தான் செய்கிறது. கால்சியம் சேனலை அதிகம் திறக்கவைக்கும், கூடவே செர்காவைப் பிடித்து வைத்திருக்கும் பாஸ்போலாம்பன் என்ற குட்டிப் புரதத்தின் பிடியையும் தளர்த்திவிடும். அதனால் கொட்டுவதும் கூடும், அள்ளுவதும் வேகமாகும். தகட்டில் இருக்கும் செல்லுக்கு இந்த வகை மருந்தை ஒரு துளி விட்டுப் பார்த்தால் திரையில் கால்சியத்தைக் காட்டும் ஒளிக்கோடு உயரமாகவும் குறுகலாகவும் மாறும். எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத காட்சி.

பலவீனமான இதயத்தில் செர்கா குறைந்துவிடுகிறது, இருப்பதையும் பாஸ்போலாம்பன் அதிகமாக அமுக்குகிறது. ரையனோடின் கதவுகள் மூடியிருக்க வேண்டிய நேரத்திலும் கசிகின்றன. கிடங்கு ஓட்டைப் பானை ஆகிவிடும், எவ்வளவு ஊற்றினாலும் நிறையாது. கசிந்ததைச் சோடியம்-கால்சியம் மாற்றி வெளியே தள்ளிவிடுவதால் அடுத்த துடிப்புக்குக் கையிருப்பு இன்னும் குறையும். இதுபோக, மின் அலையைச் செல்லின் ஆழத்துக்குக் கொண்டுபோகும் நுண்குழல்கள் இருக்கின்றன. நல்ல செல்லில் சவ்வுக்குச் சாயமேற்றிப் பார்த்தால் அவை வரிசை தவறாமல் நிற்கும், நோயுற்ற செல்லில் அங்கங்கே காணாமல் போயிருக்கும். குழல் இல்லாத இடத்தில் கிடங்கு தாமதமாகக் கொட்டும். செல்லின் ஒரு பகுதி இழுக்கும்போது பக்கத்துப் பகுதி இன்னும் காத்துக்கொண்டிருக்கும்.

கொட்டுவது குறைவு, அள்ளுவது மெதுவு, இரண்டும் சேர்ந்து வருவது அதனால்தான். உங்கள் ரிப்போர்ட்டில் இருந்த இரண்டு வரிக்கும் காரணம் ஒன்றே. மொத்தத்தில் அம்மாவின் உடம்பில் கால்சியத்துக்குப் பஞ்சமில்லை, செல்லுக்குள் அது சரியான நேரத்தில் சரியான இடத்தில் இல்லை.

கயல்:

ஐயா, இதை டாக்டர் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருக்க முடியாது என்பது இப்போது புரிகிறது. சித்தப்பாவுக்கும் அனுப்பிவிட்டேன். ஆனால் அவர் விடுவதாக இல்லை. "கையிருப்பு குறைவு என்றால் வெளியிலிருந்து கொடுத்தால் என்ன?" என்கிறார். எனக்கும் அதற்குப் பதில் தெரியவில்லை. அப்புறம் இன்னொன்று. மாடிப்படி ஏறினால் அம்மாவுக்கு இதயம் படபடவென்று அடிக்கிறது, ஆனால் பலம் கூடுவதற்குப் பதில் இன்னும் தளர்ந்து உட்கார்ந்துவிடுகிறார். அட்ரினலின் வந்தால் பலம் கூட வேண்டுமே?

மருந்துச்சீட்டு:

மாத்திரை விஷயத்துக்கு மட்டும் நான் வருகிறேன். மருந்தகத்தில் இருப்பவள். இந்தக் குழப்பம் தினமும் வருவதுதான்.

சித்தப்பாவிடம் இப்படிச் சொல்லுங்கள். விழுங்குகிற கால்சியம் ரத்தத்துக்கு வரும்வரைதான் நம் கையில். ரத்தத்தில் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை பாராதைராய்டு சுரப்பிகள் கறாராகப் பார்த்துக்கொள்ளும். கூடினால் சிறுநீரில் போகும், குறைந்தால் எலும்பிலிருந்து எடுக்கும். உடம்பின் கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பில்தான் இருக்கிறது. இன்னொரு மாத்திரை சேர்த்தால் இதயச் செல்லின் கிடங்கு நிறையாது. ரத்த அளவு நிஜமாகவே மிகவும் இறங்கிப்போனவர்கள் வேறு. உதாரணமாக தைராய்டு அறுவைக்குப் பின் பாராதைராய்டு வேலை செய்யாமல் போனவர்கள். அவர்களுக்கு இசிஜியில் க்யூடி இடைவெளி (ஒரு துடிப்பில் இதயக் கீழறைகள் மின்தூண்டலாகி மீள எடுக்கும் நேரம்) நீளும், அபூர்வமாக இதயமே பலவீனமாகும், கால்சியம் ஏற்றினால் தேறியும் வரும். 9.3 உள்ளவருக்கு அது பொருந்தாது.

கால்சியம் மாத்திரை எலும்புக்காக எழுதப்பட்டது என்றால் அண்ணி சொன்னதற்காக நிறுத்த வேண்டாம், சித்தப்பா சொன்னதற்காகக் கூட்டவும் வேண்டாம். அம்மா தைராய்டு மாத்திரையும் சாப்பிடுகிறாரா என்று மட்டும் பாருங்கள். இரண்டையும் சேர்த்து விழுங்கினால் தைராய்டு மாத்திரை சரியாக உடம்பில் சேராது. நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

"அடைக்கிற" மாத்திரையில் எல்லாம் ஒன்றல்ல. அம்மாவின் தோழி சாப்பிடுவது பெரும்பாலும் அம்லோடிபினாக இருக்கும். அது முக்கியமாக ரத்தக் குழாய்ச் சுவரின் தசையில் வேலை செய்யும், அங்கே கால்சியம் குறைந்தால் குழாய் விரியும், அழுத்தம் இறங்கும். வெராபமில், டில்டியாசெம் இரண்டும் இதயத் தசையிலும் மின்பாதையிலும் கூட வேலை செய்யும், சுருக்கத்தைக் குறைக்கும். ஈஎஃப் இவ்வளவு குறைந்தவர்களுக்கு அவை இரண்டையும் தவிர்ப்பார்கள். தோழியின் மாத்திரைதானே என்று யாரும் அம்மாவுக்கு எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். பெயர் வாயில் நுழையாமல் எல்லாவற்றையும் "பிபி மாத்திரை" என்று சொல்லிக் கேட்பவர்களைத் தினமும் பார்க்கிறேன்.

அம்மாவின் சீட்டில் டிகாக்சின் இருக்கிறதா?

கயல்:

இருக்கிறது மேடம். பாதி மாத்திரை. மெட்டோப்ரோலாலும் இருக்கிறது. சிறுநீர் போக ஒரு மாத்திரை. தைராய்டுக்கு எதுவும் இல்லை.

நுண்ணோக்கி:

டிகாக்சின் என்றதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. செல்லுக்குள் கால்சியத்தைக் கூட்டும் மாத்திரையேதான் அது, ஆனால் அதில் ஒரு துளி கால்சியம்கூட இல்லை. சோடியத்தை வெளியேற்றும் பம்பை அது கொஞ்சம் அமுக்கிப் பிடிக்கும். உள்ளே சோடியம் சற்று ஏறும். சோடியம் ஏற்கெனவே உள்ளே இருந்தால் அந்த மூன்றுக்கு ஒன்று மாற்றி மந்தமாகும். வெளியே போக வேண்டிய கால்சியத்தில் ஒரு பங்கு தங்கிக் கிடங்கில் சேரும். இதே வகை மருந்து அடங்கிய நரிவிரல் (ஃபாக்ஸ்குளோவ்) செடியின் இலையால் உடலில் நீர் கோத்த வீக்கம் இறங்குவதை வில்லியம் வித்தரிங் என்ற ஆங்கில மருத்துவர் 1785இல் எழுதினார். சோடியம், கால்சியம் எதுவும் தெரியாத காலம் அது.

இப்போது சித்தப்பாவின் கேள்வி எனக்கும் பிடித்த கேள்வியாகிறது. கால்சியத்தைக் கூட்டினால் பலம் கூடும் என்றால் பலமாகக் கூட்டும் மருந்தைக் கொடுத்தால் என்ன? கொடுத்துப் பார்த்தார்கள். மில்ரினோன் என்ற மருந்து அட்ரினலின் போகும் வழியிலேயே போய்ச் செல்லுக்குள் கால்சியத்தைக் கூட்டுவது. மாத்திரையாகத் தொடர்ந்து கொடுத்த பெரிய சோதனையின் முடிவு 1991இல் வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களில் இறப்பு 28 சதவீதம் அதிகம். டிகாக்சினைப் பற்றிய பெரிய சோதனை 1997இல், 6800 பேர். மருத்துவமனையில் சேர்வது குறைந்தது, இறப்பு கூடவும் இல்லை குறையவும் இல்லை. அதற்கு எதிர்ப்பக்கம், அட்ரினலினை இதயத்துக்கு எட்டாமல் தடுக்கும் பீட்டா பிளாக்கர்கள். இதயம் பலவீனமானவர்களுக்குக் கொடுக்கவே கூடாது என்று பாடப்புத்தகத்தில் இருந்த மருந்து வகை அது. 1999இல் வந்த சோதனைகளில் மெட்டோப்ரோலாலும் பிசோப்ரோலாலும் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்தன. அம்மாவின் சீட்டில் இருப்பதும் அந்த மெட்டோப்ரோலால்தான்.

ஏன் இப்படி? அட்ரினலின் ஓயாமல் அடித்துக்கொண்டே இருந்தால் ரையனோடின் கதவுகளின் கசிவு கூடும், இல்லாத சக்தியைப் பிழிய வேண்டிவரும், அட்ரினலினை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளும் குறைந்து மந்தமாகும். மாடிப்படியில் நடப்பதன் ஒரு பகுதி இதுதான். நல்ல மனித இதயத்தில் துடிப்பு வேகமானால் ஒவ்வொரு துடிப்பும் சற்றுப் பலமாகும், ஏனென்றால் ஒரு நிமிடத்தில் உள்ளே வரும் கால்சியம் கூடும், செர்கா அதை அள்ளிக் கிடங்கில் சேர்த்துக்கொள்ளும். பலவீனமான இதயத்தில் இது தலைகீழ். துடிப்பு வேகமாக ஆக, அள்ளுவதற்கு நேரம் போதாமல் தளர்வு முடிவதற்குள் அடுத்த துடிப்பு வந்துவிடும். ரத்தம் நிரம்பவும் நேரமில்லை, கிடங்கும் நிறையவில்லை. துடிப்பைக் கொஞ்சம் நிதானமாக வைத்திருப்பது அவருக்கு ஏன் நல்லது என்று இதிலிருந்தே தெரியும்.

செர்கா குறைவு என்றால் செர்காவையே கொடுத்துவிடலாமே என்றும் போனார்கள். அதன் மரபணுவை ஒரு தீங்கற்ற வைரஸில் ஏற்றி இதயத் தமனிக்குள் செலுத்தினார்கள். தகட்டிலும் விலங்குகளிலும் அழகாக வேலை செய்தது, எங்களுக்கெல்லாம் பெரிய நம்பிக்கை. 250 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2016இல் அச்சில் வந்தது, பலன் இல்லை. போதுமான செல்களுக்கு மரபணு போய்ச் சேரவில்லை என்பது பலரின் கணிப்பு. அந்தக் கருத்தே தவறு என்று நான் இன்னும் நினைக்கவில்லை.

மருந்துச்சீட்டு:

நுண்ணோக்கி சார் உற்சாகத்தில் விட்டதை நான் சொல்லிவிடுகிறேன். டிகாக்சினில் பலன் தரும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி குறுகல். சிறுநீர் மாத்திரையால் பொட்டாசியம் இறங்கினால் டிகாக்சின் பம்பில் இன்னும் அழுத்தமாக உட்காரும். சிறுநீரகம் மந்தமானால் மருந்து உடம்பில் தேங்கும். பசியே போய்விடுவது, குமட்டல், பார்வை மங்கி மஞ்சளாகத் தெரிவது, துடிப்பு தாறுமாறாவது, இவற்றில் எது வந்தாலும் அடுத்த பரிசோதனை நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். பொட்டாசியமும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் எப்போது கடைசியாகப் பார்த்தார்கள் என்று டாக்டரிடம் கேளுங்கள். சளிக்கு வேறு யாராவது கிளாரித்ரோமைசின் எழுதினால் டிகாக்சின் சாப்பிடுவதைச் சொல்லுங்கள், அது டிகாக்சின் அளவை ஏற்றிவிடும்.

இளவேனில்:

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். ரையனோடின் என்ற சொல்லைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். என் மகளுக்குப் பதினொரு வயது. ஓட்டப் பந்தயத்தில் ஓடும்போது மயங்கி விழுந்தாள், ஒரு முறை நாய் துரத்தியபோதும். இசிஜி சரி, எக்கோ சரி. வலிப்பு என்று சொல்லி மாத்திரை கொடுத்து வந்தார்கள். பிறகு ஒரு மருத்துவர் டிரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்த்து, அதன்பின் மரபணுப் பரிசோதனையில் ரையனோடின் ஏற்பியில் மாற்றம் என்று வந்தது. இதுவும் நீங்கள் சொல்லும் கசிவுதானா? இதயத்தில் வேறு எந்தக் குறையும் இல்லை என்கிறார்களே?

நுண்ணோக்கி:

அதேதான் அம்மா. ஓட்டத்திலும் பயத்திலும் துடிப்பு தாறுமாறாகும் இந்தப் பிறவிக் கோளாறை சிபிவிடி என்று சுருக்கமாகச் சொல்வார்கள். கயலின் அம்மாவுக்கு நோயால் வந்த கசிவு, உங்கள் மகளுக்குக் கதவே பிறவியில் சற்று இளக்கமாக அமைந்தது. இதயத்தின் வடிவம் சரியாக இருப்பதால் எக்கோவில் ஒன்றும் தெரியாது. ஓய்வில் கசிவு அடங்கியிருப்பதால் இசிஜியும் சுத்தமாக இருக்கும். ஓடும்போதும் பயப்படும்போதும் அட்ரினலின் கிடங்கை நிரப்பும், நிரம்பிய கிடங்கின் கதவு நேரம் கெட்ட நேரத்தில் திறந்துகொள்ளும்.

அப்படித் திறந்தால் என்ன ஆகும் என்பதைத் தகட்டில் பார்த்திருக்கிறேன். கால்சியத்தோடு சேர்ந்தால் ஒளிரும் சாயத்தைச் செல்லுக்குள் ஏற்றியிருப்போம். ஓய்வில் இருக்கும் நல்ல செல்லில்கூட அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒரு பொட்டு மின்னி அணையும். ஒரு கொத்துக் கதவுகள் மட்டும் திறந்து மூடியதன் அடையாளம் அது, 1993இல்தான் முதல்முறை பதிவாயிற்று. இதனால் எதுவும் கெடாது. கசியும் செல்லில் பொட்டுகள் நெருக்கமாக வரும், ஒன்று பக்கத்திலிருப்பதைப் பற்றவைக்கும், திடீரென்று ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வெளிச்சம் அலையாக நகரும். மின்தூண்டல் எதுவும் நாங்கள் கொடுத்திருக்க மாட்டோம். அந்த அலையின் கால்சியத்தை வெளியே தள்ள சோடியம்-கால்சியம் மாற்றி வேலை செய்யும்போது, ஒரு கால்சியத்துக்கு மூன்று சோடியம் உள்ளே வருகிறது இல்லையா, கணக்குப் போட்டால் ஒரு நேர்மின்னூட்டம் உபரியாக உள்ளே தங்கும். அது போதுமான அளவு சேர்ந்தால் செல் தானாகவே ஒரு துடிப்பைக் கிளப்பிவிடும். இப்படிப் பல செல்கள் கிளப்பினால் தாறுமாறான துடிப்பு, மயக்கம். கயல், ஈஎஃப் குறைந்த சிலருக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவியை உடலில் பொருத்துவதற்கு இதுவும் ஒரு காரணம், மாரடைப்புத் தழும்பு இன்னொரு காரணம்.

இளவேனில், மகளுக்கு பீட்டா பிளாக்கர் கொடுத்திருப்பார்கள். நாடோலால் என்றால் பலரும் விரும்புவது அதைத்தான். போதாவிட்டால் ஃப்ளெகைனைடு சேர்ப்பார்கள்.

இளவேனில்:

நாடோலால்தான். ஒரு வேளைகூட விடக் கூடாது என்று சொன்னார்கள். ஃப்ளெகைனைடு பற்றி அடுத்த முறை கேட்கிறேன். எனக்கும் கணவருக்கும் பரிசோதனை செய்யச் சொன்னார்கள், நாங்கள் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறோம். மகளுக்கு இளையவன் ஒருவன் இருக்கிறான்.

மருந்துச்சீட்டு:

தள்ளிப்போடாதீர்கள். ரையனோடின் மாற்றம் பெரும்பாலும் பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், சில சமயம் பிள்ளையிடம் புதிதாகவும் தோன்றும். பெற்றோருக்கு இல்லை என்று வந்தால் பையனைப் பற்றிய கவலை பெருமளவு தீரும். இருந்தால் அவனையும் உடனே பார்க்க வேண்டும், விழுந்த பிறகு இல்லை. நாடோலால் எப்போதும் ஒரு பட்டை கூடுதலாகக் கையில் இருக்கட்டும், தீர்ந்த அன்று கடையில் ஸ்டாக் இல்லை என்று திரும்பிப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பள்ளியில் விளையாட்டு ஆசிரியருக்கு எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

நலம்விரும்பி:

நான் சொன்னது பொதுவான அறிவுரைதான். ஆனாலும் அதிக கால்சியம் மாத்திரை நல்லதல்ல என்று எங்கோ படித்தேன்.

மருந்துச்சீட்டு:

அந்த விவாதம் நிஜமாகவே இருக்கிறது. கால்சியம் மாத்திரையால் மாரடைப்பு கூடுமா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. உணவில் வரும் கால்சியத்துக்கு அந்தச் சந்தேகம் பெரிதாக இல்லை. அதனால்தான் தேவைக்கு மேல் மாத்திரை வேண்டாம் என்கிறோம். ஆனால் நீங்கள் முதலில் பாலையும் குறைக்கச் சொன்னீர்கள்.

கயல்:

எல்லோருக்கும் நன்றி. பொட்டாசியம் கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று சீட்டுகளைத் தேடினேன், ஐந்து மாதம் ஆகியிருக்கிறது. நாளைக் காலை போன் செய்து கேட்கிறேன். நுண்ணோக்கி ஐயா, அம்மா ஒரு கேள்வி கேட்கச் சொன்னார். செத்துப்போன செல்களின் இடத்தில் புதிதாக வளராதா?

நுண்ணோக்கி:

அம்மாவுக்கு என் வணக்கம். பெரியவர்களின் இதயத்தில் புதுத் தசைச் செல் வருவது வருடத்துக்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவு, வயது ஏற ஏற அதுவும் குறையும். மாரடைப்பில் போன இடம் தழும்பாகத்தான் நிற்கும். ஆனால் மீதமிருக்கும் செல்கள் ஓரளவு தேறும். மருந்து ஒழுங்காக ஓடினால் பலருக்கு இதயத்தின் விரிவு குறைந்து ஈஎஃப் சில புள்ளிகள் ஏறுவதுண்டு. தேறிய இதயங்களிலிருந்து எடுத்த தசையில் செர்கா மீண்டும் கூடியிருப்பதையும் அளந்திருக்கிறார்கள். அடுத்த எக்கோ எப்போது என்று சொல்லுங்கள், ரிப்போர்ட்டில் தளர்வைப் பற்றி எழுதியிருக்கும் வரியை இங்கே போடுங்கள், சேர்ந்து படிக்கலாம்.